தேய்ந்த யானையும் எழுபது மதிப்பெண்ணும்

மைசூரின் தேவராஜ மொஹல்லாவில் காசு சேர்க்க நினைத்தவர்களுக்கு நாற்பது வருடங்களுக்கு முன் மூன்று இடங்கள் தெரிந்தால் போதும். சிக்க கடியாரத்துக்குப் பக்கத்தில் லான்ஸ்டவுன் கட்டடத்தின் பழைய புத்தகக் கடைகள், கே.ஆர். சர்க்கிளில் கீதா புக் ஹவுஸ், அங்கிருந்து நடக்கும் தூரத்தில் அசோகா ரோட்டு நகைக்கடைகள். புத்தகக் கடையில் எப்போதாவது முனை மடங்கிய வெளிநாட்டு நாணயப் பட்டியல் கிடைக்கும். கீதா புக் ஹவுஸ், மைசூர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அ.வெ. நரசிம்மமூர்த்தி எழுதிய 'தி காயின்ஸ் ஆஃப் கர்நாடகா'வை 1975-ல் பதிப்பித்த நிறுவனம். நகைக்கடையில் காசுகளே கிடைக்கும். ஆனால் அங்கே விக்டோரியா ராணிக்கும் ஐந்தாம் ஜார்ஜுக்கும் ஒரே விலை. ரூபாய் ஒன்றுக்கு ஒரு தோலா, 11.66 கிராம் என்று தராசு மட்டும் பேசும்.

லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012-ல் இடிந்து நான்கு பேர் உயிரிழந்தார்கள். அதோடு அந்தக் கடைகளின் காலம் முடிந்தது. இன்று இதே தெருக்களில் காசு சேர்க்கும் இளைஞருக்குக் கடை எதுவும் தேவையில்லை. பட்டியல், ஏலம், விற்பவர், வாங்குபவர் எல்லாம் கைப்பேசிக்குள் இருக்கிறார்கள்.

மைசூரு காசு சேர்த்த ஊர் மட்டுமல்ல, காசு அடித்த ஊர். 1638 முதல் 1659 வரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார் நரசிம்மர் உருவத்தோடு வெளியிட்ட பொன் பணம் அரை கிராம்கூட இருக்காது. அவருக்குப் பின் பல தலைமுறைகள் அந்தப் பணத்தின் பெயரிலேயே கணக்கு எழுதின. ஹைதர் அலி, சிவனும் பார்வதியும் அமர்ந்த வராகனை அப்படியே வைத்துக்கொண்டு பின்பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தை மட்டும் பொறித்தார். திப்பு சுல்தான் செம்பில் யானையை நிறுத்தினார். மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரின் மயிலி காசில் கன்னடம், பாரசீகம், ஆங்கிலம் மூன்றும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். மைசூர் நாணயச் சாலையை ஆங்கிலேயர் 1833-ல் பெங்களூருக்கு மாற்றி 1843-ல் மூடிவிட்டார்கள். ஆனாலும் பணத்தோடு ஊருக்குள்ள உறவு அறவில்லை. 1996 முதல் ரிசர்வ் வங்கியின் நோட்டு அச்சகம் இங்கே ஓடுகிறது.

இப்படிப்பட்ட ஊரில் உலகக் காசுகள் வந்து சேர்ந்த வழிகள் பல. தமிழ்க் குடும்பங்களுக்கு மலேயாவும் சிலோனும் நெருக்கம். சித்தப்பாவோ பெரியம்மாவின் மருமகனோ ஊருக்கு வரும்போது சட்டைப் பையில் மிஞ்சிய சில்லறைதான் முதல் சேகரம். மலேயாவின் சதுர ஒரு சென்ட், சிலோனின் அலை விளிம்புப் பத்து சென்ட், முனை மழுங்கிய சதுர ஐந்து சென்ட். பிள்ளைகள் முதலில் நாட்டைப் பார்க்கவில்லை, வடிவத்தைப் பார்த்தார்கள். பிறகு வளைகுடா வேலை வந்தது, தினாரும் ரியாலும் சேர்ந்தன. அரண்மனை பார்க்க வந்த வெள்ளைக்காரர்களும், லட்சுமிபுரத்துக்கும் கோகுலத்துக்கும் யோகா கற்க வந்தவர்களும் ஐரோப்பாவைக் கொண்டுவந்தார்கள். 2002 ஜனவரியில் யூரோ புழக்கத்துக்கு வந்தபோது மார்க், பிராங்க், லிரா எல்லாம் ஒரே அடியாகச் செலவழிக்க முடியாத காசாயின. சேர்ப்பவர்களுக்கு அதைவிட நல்ல வருடம் அமையவில்லை. பழைய காசு கிலோ கணக்கில் வந்தது. புதிய கிரேக்க ஒரு யூரோவில் பண்டைய ஏதென்ஸ் காசின் ஆந்தை திரும்ப வந்து உட்கார்ந்தது.

கையில் வந்த காசு எந்த நாட்டுடையது, எந்த வருடத்தது என்று கண்டுபிடிப்பதே அன்று பெரிய வேலை. ஜப்பான் காசில் ஷோவா 50 என்று இருந்தால் அது 1975. தாய்லாந்துக் காசில் 543-ஐக் கழிக்க வேண்டும். திப்புவின் காசு இன்னும் கடினம். 1787 வாக்கில் அவர் மௌலூதி என்ற ஆண்டுக் கணக்குக்கு மாறி, எண்களையும் வலமிருந்து இடமாக எழுதச் செய்தார். அதனால் 1215 நம் கண்ணுக்கு 5121 என்று தெரியும். இதற்கெல்லாம் ஒரு மாமாவோ ஆசிரியரோ நூலகமோ வேண்டியிருந்தது. அமெரிக்காவில் கிரௌஸ் நிறுவனம் 1972-ல் கொண்டுவந்த உலக நாணயப் பட்டியல், தடிமனான டெலிபோன் டைரக்டரி மாதிரி, ஒவ்வொரு காசுக்கும் ஓர் எண் கொடுத்தது. இங்கே அதன் ஒரு பிரதியைப் பத்துப் பேர் சுற்றில் வைத்துப் படித்தார்கள்.

இன்று கைப்பேசியைக் காட்டினால் நொடியில் பதில் வருகிறது. தேடும் சுகம் போய்விட்டது என்று மூத்தவர்கள் வருந்துகிறார்கள். எனக்கு அந்த வருத்தம் இல்லை. அந்த நேரம் இப்போது நுணுக்கங்களுக்குப் போகிறது. 1985 ரூபாயின் வருடத்தடியில் பர்மிங்ஹாமின் எச் குறி இருக்கிறதா, 1990-களின் பிற்பாதியில் நமக்காகப் பிரிட்டோரியாவும் மாஸ்கோவும் ஸ்லோவாக்கியாவின் கிரெம்னிட்சாவும் அடித்துக் கொடுத்த காசுகளின் மின்ட் மார்க் எது என்று பள்ளிப் பிள்ளைகள்கூடச் சில்லறையைப் புரட்டிப் பார்க்கிறார்கள். உலகக் காசு என்பது நம் சட்டைப் பையிலேயே கிடந்திருக்கிறது.

உண்மையான மாற்றம் தரம் பார்ப்பதில்தான் நடந்தது. அன்று தேய்ஞ்சது, சுமார், நல்லது, புத்தம் புதுசு என்று நான்கு சொல்லில் வேலை முடியும். கொஞ்சம் படித்தவர்கள் ஆங்கிலப் பட்டியல்களைப் பார்த்து 'ஃபைன்', 'வெரி ஃபைன்' என்பார்கள். எங்கே பார்ப்பது என்பதில்தான் திறமை. காசில் எது மேடோ அது முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜின் ரூபாயில் அவர் அங்கியில் ஒரு சின்ன யானை உண்டு. 1911-ல் அதன் தும்பிக்கையும் கால்களும் குட்டையாக வரையப்பட்டதால் ஜனங்கள் அதைப் பன்றி என்றார்கள். முணுமுணுப்பு பெரிதாகி, 1912-ல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அந்தச் சிறு யானை முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பது இன்றும் தரத்தின் முதல் சோதனை.

எண் பிறகு வந்தது. வில்லியம் ஷெல்டன் 1949-ல் அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்களுக்காக ஒன்று முதல் எழுபது வரை ஓர் அளவுகோல் போட்டார். ஒரு மதிப்பெண் காசின் விலையைப் போல எழுபது மதிப்பெண் காசு எழுபது மடங்கு பெறும் என்பதே அன்றைய கணக்கு. விலைக் கணக்கு சீக்கிரமே பொய்த்தது, அளவுகோல் மட்டும் நின்றுவிட்டது. 1986-ல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த வருடம் என்.ஜி.சி. என்று இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காசைப் பார்த்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைக்கத் தொடங்கின. இன்று இந்திய ஏலப் பட்டியல்களிலும் அந்தப் பெட்டிகள் வரிசையாக நிற்கின்றன. அறுபத்து நான்குக்கும் அறுபத்தைந்துக்கும் இடையில் பல ஆயிரம் ரூபாய் கைமாறுகிறது.

போலியிலிருந்து காப்பாற்றுகிறது என்பதற்காக இந்த முறையை மதிக்கிறேன். முகம் தெரியாதவரிடம் வாங்கும் காலத்தில் இன்னொருவர் சரிபார்த்தது பெரிய ஆறுதல். ஆனால் அந்த எண் அளப்பது, காசு எவ்வளவு குறைவாகப் பயன்பட்டது என்பதைத்தான். நம் ஊர்க் காசுகளின் கதையே அவை பயன்பட்டதில் இருக்கிறது. பாட்டி காசு மாலையில் கோத்த சவரனுக்கு வளையம் பற்றவைத்த தழும்பு இருக்கும். வரலட்சுமி விரதத்துக்குக் கலசத்தில் வைத்த வெள்ளி ரூபாயில் குங்குமம் ஏறியிருக்கும். இவை எல்லாம் அந்தப் பெட்டியில் 'பழுது' என்று பதிவாகும்.

தேய்த்துக் கழுவுவதை மட்டும் நானும் எதிர்ப்பேன். புளி போட்டுச் செம்பையும், விபூதி போட்டு வெள்ளியையும் பளபளக்க வைப்பது நம் வீடுகளின் சுத்தம். காசுக்கு அது கேடு. அச்சு இறங்கும் அழுத்தத்தில் உலோகம் நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளை உண்டாக்குகிறது. புதுக் காசைத் திருப்பும்போது சக்கரம் போலச் சுழலும் ஒளி அந்த வரிகளால் வருவது. புளியின் அமிலம் அவற்றைத் தின்றுவிட்டால் மறுபடி வராது. பழைய பி.வி.சி. உறைகளும் அப்படித்தான். நாள்பட அவை கசிந்து செம்பின் மேல் பச்சைப் பிசுக்கைப் படியவிடும். மைசூரின் மழைக்கால ஈரம் அதை வேகப்படுத்தும். அசிட்டோனில் நனைத்துப் பிசுக்கை எடுக்கலாம், அரித்த இடத்தைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

எண்ணைவிட எனக்குப் பெரிதாகப் படுவது புகைப்படம். அதில் நடந்த மாற்றம்தான் இந்தப் பொழுதுபோக்கை எளியவர்களுக்குத் திறந்துவிட்டது.

அருங்காட்சியகங்களின் பழைய பட்டியல்களில் காணும் படங்கள் பல, காசின் படங்களே அல்ல. உலோகம் மின்னிக் கேமராவை ஏமாற்றும் என்பதால் காசிலிருந்து பிளாஸ்டர் அச்செடுத்து, அந்த வெள்ளை வார்ப்பைத்தான் படம் பிடித்தார்கள். எழுத்து தெளிவாக வரும், நிறம் இருக்காது. வீட்டில் சேர்த்தவர்களுக்கு அந்த வசதியும் இல்லை. காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்தப் பிரதியைத் தபாலில் அனுப்பி அபிப்பிராயம் கேட்டார்கள். ஸ்டூடியோவில் கொடுத்தால் கல்யாணத்துக்குப் பழகிய நேரடி வெளிச்சத்தில் வெள்ளி ரூபாய் ஒரு வெள்ளைப் பொட்டாக வரும். பிலிம் கழுவி வரும்வரை அதுவும் தெரியாது. பிறகு ஸ்கேனர் வந்தது. அது எழுத்தைக் காட்டியது, ஒளியைக் கொன்றது.

இப்போது மேசை மேல் எல்லாம் முடிகிறது. கைப்பேசியையோ மேக்ரோ லென்ஸ் போட்ட கேமராவையோ காசுக்கு நேர் மேலே அசையாமல் நிறுத்த வேண்டும். பளபளக்கும் புரூஃப் காசுக்கு, நடுவே ஒரு கண்ணாடித் துண்டை நாற்பத்தைந்து பாகையில் சாய்த்து, பக்கத்திலிருந்து விளக்கைப் போட்டால் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு நேராகக் காசின் மேல் இறங்கும். தேய்ந்த செம்புக்கு அது உதவாது. அதற்கு ஒரே விளக்கு, மேல் பக்கத்திலிருந்து, மிகத் தாழ்வாகச் சாய்ந்து விழ வேண்டும். கையில் வெறும் தட்டையாகத் தெரிந்த திப்பு காசில் அப்போது தும்பிக்கை எழும், முதுகு எழும், சில காசில் கொடியும் எழும். விளக்கைக் கீழ்ப் பக்கத்தில் வைத்தால் அதே யானை பள்ளமாகத் தோன்றும். வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று நம் கண் பழகியிருப்பதே காரணம்.

விளக்கை வைத்து ஏமாற்றவும் முடியும். எங்கும் பரவும் மெத்தென்ற வெளிச்சத்தில் துடைத்த கீறல்கள் மறையும். நிறத்தைக் கூட்டினால் சாதாரண வெள்ளி வானவில் காட்டும். அதனால் இரண்டு கோணத்தில் எடுத்த படம் இல்லாமல் வாங்காதீர்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிறேன்.

படம் செய்யும் இன்னொரு வேலை எனக்கு மிகவும் பிடித்தது. திப்பு காலத்துச் செம்பிலும் மயிலி காசிலும் அச்சு பெரிது, காசுத் துண்டு சிறிது. ஒரு காசில் யானையின் தலை விழும், இன்னொன்றில் வால் விழும், நாணயச் சாலையின் பெயர் பாதியில் வெட்டுப்படும். சத்தியமங்கலத்துக்குத் திப்பு வைத்த பெயர் சலாமாபாத். அந்தப் பெயர் முழுதாக விழுந்த காசு எல்லாருக்கும் கிடைக்காது. ஆனால் ஒரே அச்சில் பிறந்த காசுகளின் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அச்சு முழுதும் கூடி வருகிறது. ஜே.ஆர். ஹெண்டர்சன் 1921-ல் ஹைதர், திப்பு காசுகளைப் பற்றி எழுதிய புத்தகத்துக்குக் காசுகளை நேரில் பார்த்தாக வேண்டியிருந்தது. இன்று மைசூரில் ஒருவர், ஈரோட்டில் ஒருவர், லண்டனில் ஒருவர் என்று ஆளுக்கு ஒரு தேய்ந்த காசை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்ய முடியும். இதற்கு எழுபது மதிப்பெண் காசு தேவையில்லை. நகைக்கடைத் தராசு ஒதுக்கும் காசே போதும்.

கைப்பேசி கொண்டுவந்த கேடும் உண்டு. வைஷ்ணோ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய்க் காசுக்கு லட்சங்கள் தருவதாகச் சொல்லிக் கமிஷன் கேட்கும் விளம்பரங்கள் சுற்றுகின்றன. தன் பெயரைச் சொல்லிப் பணம் கறக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ராமர் பட்டாபிஷேகம் போட்டு, 1818 என்று பொறித்து, கம்பெனி காசு என்று விற்கப்படும் துண்டுகள் பின்னாளில் செய்தவை. சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வயது கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது. தாத்தா காலத்தில் சாதாரணச் சில்லறையாக இருந்த ஐந்தாம் ஜார்ஜ் காசுகள் வருடத்துக்கு வருடம் அந்த வரம்புக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் பழைய ரூபாய்கள் உருக்குக்குப் போகின்றன. வீட்டுக் கஷ்டத்துக்கு விற்பவர்களைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. விற்பதற்கு முன் இரண்டு பக்கமும், முடிந்தால் விளிம்பும், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். எடையையும், யார் கை வழியாக எந்த ஊரிலிருந்து வந்தது என்பதையும் அதோடு எழுதி வையுங்கள்.