பாறை பிளக்கும் கணக்கு

நுழையும்முன்

நாம் வாழும் வீடும் நடக்கும் சாலையும் கடக்கும் பாலமும் ஒரு காலத்தில் மலையின் பகுதியாக இருந்தவையே. மலையை ஜல்லியாக்கும் பணியின் முதற்படி, வெடி வைத்தல். சில நொடிகளில் முடிந்துவிடும் அப்பணியில் வெளிப்படும் ஆற்றல் எங்கே செல்கிறது? அதில் எவ்வளவு கல்லை உடைக்கிறது? இக்கட்டுரை அக்கணக்கை விளக்குகிறது.

கல்குவாரியில் வெடி வைப்பதற்குமுன் சங்கொலி எழும். பணியாளர்கள் விலகி நிற்பர். சிறிது நேரத்தில் பேரொலி கேட்கும், புழுதி மேலெழும், தரை அதிரும். காண்போர் அதனை ஆற்றலின் வெளிப்பாடு என வியப்பர். குவாரிப் பொறியாளரோ அதனை இழப்பின் வெளிப்பாடு என்றே கருதுவார். காதில் விழும் ஒலியும் காலடியில் உணரும் அதிர்வும் கல்லை உடைக்காமல் தப்பிச் சென்ற ஆற்றல் அல்லவா?

விரைவே வலிமை

உலகெங்கும் குவாரிகளில் மிகுதியாகப் பயன்படும் வெடிமருந்துகளுள் ஒன்று, 94 விழுக்காடு அம்மோனியம் நைட்ரேட்டும் 6 விழுக்காடு டீசலும் கலந்த கலவையாகும். அதில் ஒரு கிலோ தரும் ஆற்றல் ஏறத்தாழ 3.8 மெகாஜூல். ஒரு கிலோ டீசல் காற்றில் எரிந்தாலோ அதனினும் பத்து மடங்குக்கு மேல் ஆற்றல் கிடைக்கும். ஆயினும், டீசலை எரித்துப் பாறையைப் பிளக்க இயலாது. வெடிமருந்தின் வலிமை ஆற்றலின் அளவில் இல்லை; அது வெளிப்படும் விரைவில் உள்ளது. வெடிமருந்தினுள் வேதிவினை நொடிக்குச் சில ஆயிரம் மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதனால் முதலில் ஓர் அதிர்ச்சி அலையும் தொடர்ந்து உயரழுத்த வளிமங்களும் பாறையைத் தாக்குகின்றன.

கல்லின் இயல்பு

பாறை அழுத்தத்தைப் பெரிதும் தாங்கும், இழுவிசையைத் தாங்காது. அதன் இழுவலிமை, அமுக்கவலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. கல்லில் வரிசையாகத் துளையிட்டு, ஆப்பு வைத்துப் பிளந்த நம் கல்தச்சர்கள் இவ்வியல்பைத் தொழிலறிவால் உணர்ந்திருந்தனர்.

வெடியிலும் இதுவே நிகழ்கிறது. துளையிலிருந்து அழுத்த அலையாகப் புறப்படுவது, பாறையின் திறந்த முகப்பை அடைந்ததும் இழுவிசை அலையாகத் திரும்புகிறது. அவ்விழுவிசையால் கல் விரிசலுறுகிறது. வளிமங்கள் அவ்விரிசல்களுள் புகுந்து அவற்றை அகலப்படுத்திப் பாறையை முன்னே தள்ளுகின்றன.

ஐரோப்பியக் குவாரிகளில் அளந்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்று இவ்வாற்றலைப் பகுத்துக் காட்டியது. பாறையைத் துண்டாக்கப் பயன்பட்டது 2 முதல் 6 விழுக்காடு மட்டுமே. நில அதிர்வாகச் சென்றது 1 முதல் 3 விழுக்காடு. கற்களை நகர்த்தியது 3 முதல் 21 விழுக்காடு. எஞ்சிய பெரும்பகுதி வெப்பமாகவும் வெளியேறும் வளிமங்களோடும் துளையைச் சுற்றியுள்ள பாறையைப் பொடியாக்குவதிலும் செலவாகிறது.

தெரியுமா?
பல்லாவரம் பகுதியில் கிடைக்கும் கடினமான பாறைக்குச் 'சார்னோகைட்' என்று பெயர். கொல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, 1893இல் இப்பெயரைச் சூட்டினார்.

சிக்கனத்தின் வழிகள்

துளைக்கும் திறந்த முகப்புக்கும் இடையேயுள்ள தொலைவு முதன்மையானது. அது மிகுந்தால் பாறை நகராது. ஆற்றல் நிலத்துக்குள் அதிர்வாகப் பாயும். குறைந்தால் வளிமங்கள் முன்னதாகவே வெளியேறிக் கற்களைத் தொலைவில் வீசியெறியும்.

துளையின் வாயை அடைப்பதும் அத்தகையதே. துளையிடும்போது வந்த தூளைவிடக் கூர்முனையுள்ள சிறு சல்லி நன்கு இறுகிக்கொள்ளும். வளிமத்தை உள்ளேயே நிறுத்திப் பணிசெய்ய வைக்கும்.

மூன்றாவது, காலம். எல்லாத் துளைகளும் ஒருங்கே வெடிக்காமல் மில்லிநொடி இடைவெளியில் அடுத்தடுத்து வெடித்தால், முந்தைய வெடிப்பு அடுத்ததற்குப் புதிய முகப்பைத் திறந்துவிடும். ஒரே நேரத்தில் வெடிக்கும் மருந்தின் அளவு குறைவதால் அதிர்வும் குறையும். மின்னணு டெட்டனேட்டர்களில் இவ்விடைவெளியை ஒரு மில்லிநொடி அளவுக்குத் துல்லியமாக அமைக்கலாம்.

முழுமையான கணக்கு

வெடிமருந்தைக் குறைப்பது மட்டுமே சிக்கனம் ஆகாது. பெரும்பாறைகளாக விழுந்தால் அவற்றை எந்திரத்தால் மீண்டும் உடைக்க வேண்டும். அரவை ஆலையில் மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். எனவே, ஒரு டன் ஜல்லி வெளிவரும் வரையில் செலவான மொத்த ஆற்றலையே கணக்கிட வேண்டும். அதற்காக மருந்தை வரம்பின்றிக் கூட்டவும் முடியாது. குவாரியை அடுத்து ஊர் இருக்கிறது. அங்கே சுவர்கள் இருக்கின்றன. உறங்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். இந்தியச் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997இல் வகுத்த வரம்பின்படி, குவாரி உரிமையாளருக்குச் சொந்தமல்லாத குடியிருப்புகளில் தாழ் அதிர்வெண் கொண்ட நில அதிர்வு நொடிக்கு 5 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

வீணாகும் ஆற்றல் காற்றில் கரைந்து போவதில்லை. அதில் ஒரு பங்கு, அண்டை வீட்டுச் சுவரைத் தேடிச் செல்கிறது. ஆதலால், சிக்கனமாக வைக்கும் வெடி குவாரிக்கு இலாபம், ஊருக்கு நிம்மதி. பெரிதாக ஒலிப்பதன்று நல்ல வெடி. ஒலி அடங்கி, கல் உடைவதே நல்ல வெடி.