பிளேக் பேட்டையும் பிங்க் ரிப்பனும்

பெங்களூர் பிரேசர் டவுன் உருவானதே ஒரு நோயினால்தான். 1898இல் பிளேக் வந்து தண்டு (கன்டோன்மென்ட்) பகுதியில் சாவு விழாத தெரு இல்லை என்றானது. அதன்பின் எலி புகாத வீடுகளும் காற்றோட்டமான தெருக்களுமாகத் திட்டம் போட்டுக் கட்டிய பேட்டை இது. பெயர், மைசூர் ரெசிடெண்டாக இருந்த ஸ்டூவர்ட் ஃப்ரேசருடையது. ஜே.எச். ஸ்டீபன்ஸ் 1914இல் இந்த ஊரமைப்பைப் பற்றித் தனிப் புத்தகமே போட்டார்.

பிளேக் காலத்தில் சர்க்கார் வீட்டுக்கே வந்து கதவைத் தட்டியது. ஜனங்கள் பயந்து நோயாளியை ஒளித்து வைத்தார்கள். அந்த அடாவடி நமக்கு வேண்டாம். ஆனால் வீடு தேடி வந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்று அக்டோபர் பிறந்தால், மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு என்று ஊரே பிங்க். பலூன், ஓட்டம், சலுகை விலையில் மேமோகிராம். பெங்களூர் கிட்வாய் புற்றுநோய் மருத்துவமனைப் பதிவேட்டில் 1980களில் பெண்களிடையே முதலிடத்தில் இருந்தது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். இன்று அந்த இடம் மார்பகப் புற்றுநோய்க்கு. அக்கறை நியாயம்தான். பலன்?

1988 முதல் அழைப்புக் கடிதம் அனுப்பிப் பெண்களை மேமோகிராமுக்கு வரவழைக்கும் பிரிட்டனிலேயே, அதன் பலனை ஆராய்ந்த மார்மட் குழு 2012இல் சொன்னது இது: இந்நோயால் வரும் சாவு சுமார் 20 சதவீதம் குறைகிறது, ஆனால் தப்பும் ஓர் உயிருக்கு, வாழ்நாளில் தொந்தரவே தராத கட்டிக்காகச் சிகிச்சை பெறுபவர்கள் சுமார் மூன்று பேர். நம் பெண்களுக்கோ இந்நோய் ஏறக்குறைய பத்து வருடம் முன்னதாகவே வருகிறது. அந்த வயதில் மார்பகத் திசு அடர்த்தி. படத்தில் அதுவும் வெள்ளை, கட்டியும் வெள்ளை.

மும்பையில் டாடா மெமோரியல் மருத்துவமனை வேறு வழி பார்த்தது. 1998இல் தொடங்கி, 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குப் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். ஐம்பதைத் தாண்டியவர்களிடம் மார்பகப் புற்றுநோய்ச் சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. ஐம்பதுக்குக் கீழே குறையவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். 2016இல் மத்திய அரசும் 30 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை கைப்பரிசோதனை என்றுதான் வழிகாட்டியது. நடந்ததா? 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில், 30–49 வயதுப் பெண்களில் எப்போதாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

அக்டோபர் முகாமில் மேமோகிராம் படம் எடுப்பது சில நிமிட வேலை. ரிப்போர்ட்டில் ‘பை-ராட்ஸ் 0’ என்று இருந்தால், இன்னும் சோதனை பாக்கி என்று அர்த்தம். சொல்ல ஆள் இல்லாவிட்டால், பூஜ்யம்தானே என்று அது பீரோவுக்குள் போய்விடும்.

முகாம் நடத்துபவர்களே, பலூன் காசில் ஒரு நர்ஸை வையுங்கள். அடுத்த வாரம் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்யட்டும். அக்கா, அம்மாமார்களே, சுகாதார ஊழியர் வீட்டுக்கு வந்தால் ‘இன்னொரு நாள்’ என்று அனுப்பிவிடாதீர்கள். கட்டி தட்டுப்பட்டால் அக்டோபர் வரை காத்திருக்கவும் வேண்டாம்.