செம்புக் கம்பிக்கு ஒரு மாற்று

1991ஆம் ஆண்டில் இந்தியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 84 கோடி. அத்தனை பேருக்கும் சேர்த்து நாட்டில் இருந்த தொலைபேசி இணைப்புகள் ஏறத்தாழ 50 இலட்சமே. விண்ணப்பித்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். வெளிமாநிலங்களில் பணிபுரிந்த நம்மவர்கள், இரவில் கட்டணம் குறையும் நேரம் பார்த்து, எஸ்.டி.டி. கடைகளின் முன் வரிசையில் நிற்பார்கள். ஊரிலோ, தொலைபேசி உள்ள ஒரு வீட்டின் திண்ணையில் பெற்றோர் அந்த அழைப்புக்காகக் காத்திருப்பார்கள். உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டால் இதுபோல் ஒரு கதையேனும் கிடைக்கும்.

இணைப்புகள் அவ்வளவு குறைவாக இருந்தது ஏன்? பேசும் கருவி விலை மிக்கதன்று. தொலைபேசி நிலையத்திலிருந்து வீடுவரை செல்லும் செம்புக் கம்பியே செலவை விழுங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனி இணைக்கம்பி வேண்டும். அதைப் புதைக்கத் தெருவைத் தோண்ட வேண்டும். மழையில் பழுதானால் மீண்டும் தோண்ட வேண்டும். இவ்வாறு ஓர் இணைப்புக்கு முப்பதாயிரம் ரூபாய்க்கு மேல் முதலீடு தேவைப்பட்டது. அதன் வட்டியும் பராமரிப்பும் ஈடாக வேண்டுமானால் மாதந்தோறும் ஆயிரம் ரூபாயேனும் வசூலாக வேண்டும். சிற்றூரில் அத்தொகையைத் தரக்கூடியவர் எத்தனை பேர்?

சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர்கள் அசோக் ஜுன்ஜுன்வாலா, பாஸ்கர் இராமமூர்த்தி முதலியோர் அடங்கிய குழு இக்கணக்கையே முதன்மையாக எடுத்துக்கொண்டது. இணைப்பின் செலவைப் பத்தாயிரம் ரூபாய்க்குக் கொண்டுவருவது அவர்களின் இலக்கு. அக்கழகத்தில் பயின்ற மாணவர்கள் தொடங்கிய மைடாஸ் கம்யூனிகேஷன் டெக்னாலஜீஸ் என்னும் நிறுவனம், அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்தின் துணையோடு, 1990களில் ‘கார்டெக்ட்’ என்ற கம்பியில்லாக் கருவித்தொகுதியை உருவாக்கியது. அதைப் பின்னர் உற்பத்தி செய்யவிருந்த இந்திய நிறுவனங்கள் முன்கூட்டியே செலுத்திய உரிமத்தொகை ஆய்வுக்குப் பொருளுதவி ஆயிற்று. இன்னும் பிறவாத பொருளுக்குப் பணம் தர முன்வந்த அத்துணிவு பாராட்டத்தக்கது.

இனி, கருவி இயங்கும் முறையைக் காண்போம். ஓர் உயரமான கம்பத்தில் சிறிய அடிநிலையம் ஒன்று பொருத்தப்படும். வீட்டின் சுவரில் ஒரு பெட்டியும், கூரைக்கு மேல் ஓர் அலைவாங்கியும் இருக்கும். வழக்கமான தொலைபேசியை அந்தப் பெட்டியில் இணைத்துவிட்டால் போதும். வீட்டுக்கும் அடிநிலையத்துக்கும் இடையே குரல் வானலையாகச் செல்லும். ஓர் அடிநிலையத்தின் வழியே ஒரே நேரத்தில் 12 பேர் பேசலாம். ‘பன்னிரண்டு வீடுகளுக்கு மட்டுமா?’ என்று நீங்கள் கேட்கலாம். அன்று. எல்லா வீட்டாரும் ஒரே நொடியில் பேசுவதில்லை. ஆகவே பன்னிரண்டு வழிகளைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ள இயலும். தெருக்குழாய் ஒன்று, குடம் தூக்கி வருவோர் பலர் என்பது போன்ற ஏற்பாடு இது. கம்பியால் இப்படிப் பகிர இயலாது; யாரும் பேசாத வேளையிலும் ஒரு வீட்டின் கம்பி அந்த வீட்டுக்கே உரியது.

ஒரு கட்டுப்பாடும் உண்டு. அலைவாங்கியும் அடிநிலையமும் ஒன்றையொன்று ‘பார்க்க’ வேண்டும். இடையில் குன்றோ அடர்ந்த தோப்போ இருத்தல் கூடாது. தடையில்லாத இடத்தில் பத்துக் கிலோமீட்டர் வரையிலும், இடைநிலையம் ஒன்றை அமைத்தால் அதற்கு அப்பாலும் இணைப்புக் கிடைத்தது. குளிர்சாதனம் இல்லாத அறையிலும் இயங்குமாறு கருவிகள் அமைக்கப்பட்டன. பேசிக்கொண்டிருக்கும்போதே நொடிக்கு 35 கிலோபிட் வேகத்தில் இணையமும் கிடைத்தது. இன்று நகைப்புக்குரிய வேகம். அன்று சிற்றூருக்கு அதுவே புதுமை.

2001இல் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்துச் சிற்றூர்களில் இக்கருவிகளைக் கொண்டு இணைய மையங்கள் திறக்கப்பட்டன. கணினியில் பொருத்திய சிறு படக்கருவியால் முதியவர்களின் கண்களைப் படமெடுத்து மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பினர். அறுவை மருத்துவம் தேவையா என்பதை அறிவதற்காக மட்டும் பேருந்தேறி நகரத்துக்குச் செல்லும் அலைச்சல் குறைந்தது. அரசுச் சான்றிதழ்களுக்கான விண்ணப்பங்களும் அவ்வழியே சென்றன. எனினும் மையங்கள் பலவற்றுக்கு வருவாய் போதவில்லை. சில ஆண்டுகளில் அவற்றுள் பல மூடப்பட்டன. அதே காலத்தில் கைபேசிக் கட்டணம் விரைந்து குறைந்ததால், வீட்டுச் சுவரிலேயே நிலைத்திருக்கும் கருவியை நாடுவோரும் குறைந்தனர்.

கைபேசிக் கோபுரமும் பகிர்வு முறையில்தான் இயங்குகிறது. அடுத்த விடுமுறையில் சித்திரைத் திருவிழாவுக்குச் செல்ல நேர்ந்தால் கவனியுங்கள். கைபேசியில் அலைக்குறி நிறைந்திருந்தும் அழைப்பு எளிதில் இணையாது. கோபுரம் பழுதாகியிராது, அதன் வழிகளில் உங்களுக்கு முன்னரே பிறர் பேசிக்கொண்டிருப்பார்கள்.