பொற்குவியலும் அணுகுண்டும்

அமெரிக்க அதிபர் ஜான் கென்னடியை மிகவும் அச்சுறுத்தியவை இரண்டு. ஒன்று அணுவாயுதப் போர்; மற்றொன்று தம் நாட்டின் அயல்நாட்டுச் செலுத்துநிலைப் பற்றாக்குறை. அவருடைய ஆலோசகராயிருந்த வரலாற்றாசிரியர் ஆர்தர் ஷ்லெசிங்கர் இதனைப் பதிவு செய்துள்ளார். போரை அஞ்சுதல் இயல்பு. கணக்கேட்டில் விழும் பற்றாக்குறையை அதனோடு ஒரே தட்டில் வைத்து ஒருவர் அஞ்சுவானேன்?

1944இல் பிரெட்டன் உட்ஸில் கூடிய நாடுகள் வகுத்த ஏற்பாட்டின்படி ஓர் அவுன்ஸ் தங்கத்தின் விலை 35 டாலர். பிற நாட்டு மத்திய வங்கிகள் டாலரைக் கொடுத்து அவ்விலையில் அமெரிக்காவிடம் தங்கம் பெறலாம். ஆக, டாலர் என்பது தங்கத்தின் மீதான ஒரு வாக்குறுதி. காசுக்கும் நேர்மைக்கும் நம் மொழியில் நாணயம் என்ற ஒரே சொல் வழங்குவதை ஈண்டு நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அயல்நாட்டு உதவியாலும், முதலீடுகளாலும், கடல் கடந்து நிறுத்திய படைகளின் செலவாலும் டாலர் வெளியேறிக்கொண்டேயிருந்தது. 1960களில் வெளியார் கையிலிருந்த டாலர், அமெரிக்காவின் தங்க இருப்பை விஞ்சிவிட்டது. ஹிஜ்ரி 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எகிப்தை வாட்டிய பஞ்சத்தை ஆராய்ந்த அல்மக்ரீஸி, பொன்னும் வெள்ளியும் மறைந்து செப்புக்காசாகிய ஃபுலூஸ் மலிந்ததை அதன் காரணங்களுள் ஒன்றாகத் தமது ‘இகாஸத்துல் உம்மா’வில் காட்டுகிறார். அவர் கண்டது ஒரு நாட்டின் சந்தை குலைந்ததை. டாலரின் கதையிலோ சந்தையோடு அணுகுண்டும் பிணைந்திருந்தது.

அப்பிணைப்பின் முடிச்சு மேற்கு ஜெர்மனியில் இருந்தது. தன் மண்ணில் அணுவாயுதம் தயாரிப்பதில்லை என அந்நாடு 1954இல் உறுதி கூறியது. அவ்வுறுதியைத் தாங்கி நின்றது அமெரிக்கப் படைகளின் காவல். இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர்கள் அங்கே தங்கியிருந்தனர்; அவர்களுக்காகச் செலவான டாலர்கள் ஜெர்மானிய மத்திய வங்கியில் சேர்ந்தன. ஜெர்மனி அவற்றுக்குத் தங்கம் கேட்டால் அமெரிக்கக் கருவூலம் வற்றும். வற்றாதிருக்கப் படைகளைத் திரும்ப அழைத்தால் ஜெர்மனி காவலின்றி நிற்கும். காவலற்ற ஜெர்மனி தானே அணுகுண்டை நாடக்கூடும்; மாஸ்கோ அதனைப் பொறுத்திராது. கென்னடியின் இரண்டு அச்சங்களும் உண்மையில் ஓரச்சமே.

படைச் செலவுக்கு ஈடாக ஜெர்மனி அமெரிக்கத் தளவாடங்களை வாங்குவதென உடன்பாடாயிற்று. அச்சுமை 1966இல் லுட்விக் எர்ஹார்டின் அரசு கவிழ்வதற்கும் ஒரு காரணமாயிற்று. 1967 மார்ச் 30ஆம் நாள், மத்திய வங்கித் தலைவர் கார்ல் பிளெஸ்ஸிங், தம் வங்கி டாலரைத் தங்கமாக மாற்றாது என எழுத்தில் உறுதியளித்தார். ஒரு வங்கியாளரின் கடிதம்தான். ஆயினும் 1969 நவம்பரில் ஜெர்மனி அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் கையொப்பமிட வழிவகுத்தவற்றுள் அக்கடிதத்தையும் வைத்து எண்ண வேண்டும் என்பதே என் கருத்து.

பிரான்ஸ் வேறு வழி சென்றது. 1956இல் அது பிரிட்டனோடு சேர்ந்து சூயஸ் கால்வாய்க்காக எகிப்தின் மீது பாய்ந்தபோது பவுண்டு தத்தளித்தது. சர்வதேச நிதியத்தின் உதவி கிட்டாதவாறு அமெரிக்கா தடுத்து நிற்கவே பிரிட்டன் பணிந்தது. பிரான்ஸால் தனித்து நிற்க இயலவில்லை. பிறர் காசையும் பிறர் குண்டையும் நம்பலாகாது என்பது பாரிஸ் கற்ற பாடம். 1960 பிப்ரவரி 13 அன்று அது தன் முதல் குண்டை வெடித்தது. தன் தாய்மண்ணில் அன்று, அல்ஜீரியாவின் ரெக்கான் பாலைவனத்தில். 1966 வரை அல்ஜீரிய மண்ணில் நிகழ்ந்த சோதனைகள் 17. அந்நாடு 1962இல் விடுதலை பெற்ற பின்னரும் அவை தொடர்ந்தன. அம்மக்களின் சம்மதத்தை எவரும் கேட்டாரில்லை. பின்னர் 1965 பிப்ரவரியில் அதிபர் டி கால், பன்னாட்டுப் பணத்துக்குத் தங்கமே அடிப்படையாதல் வேண்டுமென அறிவித்தார். பிரான்ஸ் தன் டாலர்களைத் தங்கமாக மாற்றுவதை விரைவுபடுத்தியது.

1971 ஆகஸ்ட் 15 அன்று நிக்சன் டாலருக்குத் தங்கம் தருவதை நிறுத்தினார். முடிச்சு அத்துடன் அவிழ்ந்ததென்றே பலர் எண்ணினர். 2022இல் உக்ரைன் போரையொட்டி ரஷ்ய மத்திய வங்கியின் ஏறத்தாழ 30,000 கோடி டாலர் சொத்துக்களை மேலை நாடுகள் முடக்கின. அவ்வாண்டு முதல் 2024 வரை உலகின் மத்திய வங்கிகள் ஆண்டுதோறும் ஆயிரம் டன்னுக்கு மேல் தங்கம் வாங்கின. 2025இல் பிரான்சின் அணுவாயுதக் காவலை ஐரோப்பாவுக்கு விரிப்பது குறித்துப் பேச மக்ரோன் முன்வந்தார்; ஜெர்மனியின் மெர்ஸும் அத்தகைய பேச்சை வேண்டினார். நியூயார்க்கில் வைக்கப்பட்டுள்ள 1,200 டன்னுக்கு மேற்பட்ட ஜெர்மானியத் தங்கத்தைத் தாயகத்துக்குக் கொண்டுவர வேண்டுமென்ற குரலும் அதே ஆண்டில் அந்நாட்டில் எழுந்தது.