சாணக்யர் சொன்ன பனை வில்

நமது தமிழ்நாடு இல்லம் அமைந்துள்ள சாணக்யபுரிக்குப் பெயர் தந்தவர் யார் என்பதை யாவரும் அறிவர். அவர் பெயரால் வழங்கும் அர்த்தசாஸ்திரத்தில் படைக்கலச் சாலையைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. வில் செய்யத் தக்க பொருள்களை அது நான்காக வகுக்கிறது: பனை, மூங்கில், மரம், கொம்பு. முதலிடம் பனைக்கு! மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட அந்நூலின் ஓலைச்சுவடியும் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவரிடமிருந்தே மைசூருக்குச் சென்றது. 1905-இல் சாம சாஸ்திரி அதை அறிந்து வெளிப்படுத்தினார். 1909-இல் நூல் அச்சேறியது.

பனைக்கும் மூங்கிலுக்கும் இந்தப் பெருமை ஏன்? பௌதிகம் விடை கூறுகிறது. வில்லை வளைக்கும்போது இலக்கை நோக்கும் முதுகு இழுபடுகிறது. நம்மை நோக்கும் வயிறு நசுங்குகிறது. நடுவிலே ஒரு தளம் இரண்டுமின்றி நிற்கிறது. ஆகவே பலம் தேவைப்படுவது வெளிப்புறங்களில்தான். மூங்கிலிலும் பனையிலும் நார்கள் வெளிப்பக்கமே நெருங்கி நிற்கின்றன. பனையின் உள்ளே இருப்பது வெறும் சோறு. வெளியே இருப்பது வைரம். தென்மாவட்ட வில்லுப்பாட்டிலும் பனை வைரத்தால் வில் செய்யும் வழக்கம் உண்டு.

ஒரே கட்டையில் எல்லாக் குணமும் அமைவது அரிது. அதனால்தான் பட்டைகளை ஒட்டிச் செய்கிறார்கள். ஜப்பானியர் தம் நெடிய வில்லில் முதுகிற்கும் வயிற்றிற்கும் மூங்கிலையும், நடுவே மரத்தையும் வைக்கின்றனர். நான் முதுகிற்கு மூங்கிலும், நடுவில் லேசான மரமும், வயிற்றிற்குப் பனையும் கொண்டேன். ஊரில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தபோது கிடைத்த பனங்கை அது. பல ஆண்டுகள் காய்ந்த மரத்தைவிட வேறென்ன வேண்டும்?

ஒட்டுவதன் வலிமையைக் கணக்கிட்டுப் பாருங்கள். 3 மில்லிமீட்டர் கனமுள்ள இரு பட்டைகளைச் சும்மா அடுக்கினால் விறைப்பு இரு மடங்குதான். நன்றாக ஒட்டினால் எட்டு மடங்கு! விறைப்பு கனத்தின் மும்மடியைப் பொறுத்தது. கனத்தில் பத்தில் ஒரு பங்கு கூடினால் விறைப்பு 33 சதவீதம் கூடும்; அகலத்தில் அதே அளவு கூடினால் 10 சதவீதமே. எனவே கனத்தைச் சீவும்போது கை நிதானமாக இருக்க வேண்டும்.

பட்டையைத் தேர்ந்தெடுக்க நான் கையாண்ட முறை எளியது. ஒரே அளவான பட்டைகளை இரு செங்கற்களின்மேல் கிடத்தி, நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, லிட்டர் லிட்டராக நீர் வார்த்தேன். ஒரு லிட்டர் ஏறத்தாழ ஒரு கிலோ. பட்டை எவ்வளவு தாழ்கிறது என்பது விறைப்பைக் காட்டும். வாளியை எடுத்தபின் நிமிராத பட்டையைத் தள்ளிவிட வேண்டும். நாரோட்டம் ஓரத்தில் அறுபட்டு வெளியேறும் பட்டையும் முதுகிற்கு ஆகாது. அங்கேதான் சிம்பு கிளம்பும். ஆகவே அறுப்பதைவிடப் பிளப்பது மேல்.

டெல்லியின் ஜூன் மாத அனற்காற்றில் மரம் சுருங்கும். ஆகஸ்ட் ஈரத்தில் உப்பும். வெவ்வேறு ஈரமுள்ள பட்டைகளை ஒட்டினால் பின்னர் அவை ஒன்றையொன்று பிரிக்கப் பார்க்கும். எல்லாவற்றையும் சில வாரங்கள் ஒரே அறையில் வைத்திருந்து, அச்சுப் பலகையில் வளைத்துக் கட்டி, எபாக்சிப் பசையால் ஒட்டலாம். ஒவ்வொரு பட்டையும் கைப்பிடியிலிருந்து நுனிவரை மெல்ல மெல்ல இளைத்துச் செல்ல வேண்டும். வளைக்கும் விசை கைப்பிடியருகே மிகுதி, நுனியில் இல்லை. மேலும், நுனி கனத்தால் அம்புக்குச் சேர வேண்டிய சக்தியை நுனியே விழுங்கிவிடும்.

ஓர் எச்சரிக்கை. அம்பில்லாமல் நாணை இழுத்து விடாதீர்கள். அம்பு கொண்டுபோக வேண்டிய சக்தி வில்லுக்குள்ளேயே திரும்பினால், அது உங்கள் முகத்தருகே உடையும்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். போட்டிக்குரிய அயல்நாட்டு வில்லின் விலை ஓர் ஏழை மாணவனுக்கு எட்டாது. ராஜஸ்தானத்துப் பழங்குடி இளைஞர் லிம்பா ராம் மூங்கில் வில்லில் கைபழகியவரே. 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் நம் நாட்டுக்காக நின்றார். நம் நாட்டுப் போட்டிகளில் மூங்கில் வில்லுக்கென ‘இந்தியன் ரவுண்ட்’ என்ற பிரிவும் இருக்கிறது. சேரர் கொடியில் வில்லைக் கண்டு பெருமைப்படும் நாம், ஒரு வில்லைச் செய்தும் பார்ப்போமே! பனங்கையும் மூங்கிலும் கிடைக்காத ஊரா நம்முடையது?