டொக்கோவா மண்ணணை உடைந்த விதம்

அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்து டொக்கோவா என்னும் ஊரையடுத்து, ஒரு கிறிஸ்தவக் கல்லூரிக்குச் சொந்தமான சிற்றேரி ஒன்று இருந்தது. அதன் கரைக்குக் கெல்லி பார்ன்ஸ் அணை என்று பெயர். உயரம் சுமார் 40 அடி. நீளம் சுமார் 400 அடி. 1899-ல் கல் அடுக்கிக் கட்டிய பழைய அணையின்மீது, கல்லூரியார் பிற்காலத்தில் மின்சாரம் எடுக்கும்பொருட்டு மண்ணிட்டு உயர்த்தினர். 1957-ல் மின்சார உற்பத்தி நின்றது. அதன்பின் இருபது ஆண்டுகள் அந்நீர் பொழுதுபோக்கிற்கே பயன்பட்டது.

பாசன ஏரியாயின் மதகைத் திறக்கவும் அடைக்கவும் ஒருவன் கரைமேல் அடிக்கடி நடப்பான். உல்லாசத்திற்கென நிற்கும் நீருக்கு அத்தகைய காவல் அமைவது அரிது. இக்கரையின் வெளிச்சரிவு மிகச் செங்குத்தானது. அதில் மரங்களும் வளர்ந்திருந்தன. 1973-ல் எடுத்த புகைப்படமொன்றில் அச்சரிவின் ஒரு பகுதி சரிந்திருப்பது தெளிவாகக் காணப்படுகிறது.

1977 நவம்பர் முதல் வாரத்தில் கனத்த மழை பெய்தது. 6-ஆம் தேதி பின்னிரவு சுமார் ஒன்றரை மணிக்குக் கரை உடைந்தது. 186 அடி உயர அருவியின் வழியே பாய்ந்த வெள்ளம், கீழே உறங்கிக்கொண்டிருந்த கல்லூரிக் குடியிருப்பை வாரிச் சென்றது. மாண்டவர் 39 பேர். அவர்களுள் 20 பேர் குழந்தைகள்.

விசாரித்த நிபுணர்கள் ஒரே காரணத்தைச் சுட்டவில்லை. கரையினுள் ஊறிய நீர் மண்ணை அரித்து வழி செய்துகொள்ள, வெளிச்சரிவு சரிந்து, கரையின் தலைப்பு தாழ்ந்து, நீர் அவ்வழியே அறுத்திருக்கலாம் என்பது அவர்கள் முடிவு. அப்போதைய ஜனாதிபதி கார்ட்டரின் உத்தரவின்பேரில் பிறகு சுமார் 8,800 அணைகள் சோதிக்கப்பட்டன. ஏறக்குறைய மூன்றிலொன்று பத்திரமற்றதெனக் கண்டனர்.

சொந்த நிலத்தில் குட்டையோ ஏரியோ உடையோர் கவனிக்க வேண்டியது வெளிச்சரிவையே. கசியும் நீர் தெளிவாயிருப்பின் அதன் அளவை அவ்வப்போது குறித்து வரலாம். கலங்கி வருமாயின் உள்ளே மண் அரிபடுகிறது, உடனே நீர்மட்டத்தைத் தாழ்த்த வேண்டும். ஊற்றுவாயைக் களிமண்ணால் அடைப்பது பலரும் செய்யும் தவறு. நீர் வேறிடத்தில் வழி தேடும். மணலைப் பரப்பி அதன்மேல் சரளையிட்டால் நீர் வெளியேறும், மண் நிற்கும். கரையில் முளைக்கும் மரக்கன்றுகளை இளமையிலேயே பிடுங்கிவிடுக. முதிர்ந்த மரத்தை வெட்டினால் வேர் உள்ளே மக்கி நீருக்குக் குழாயாகும். ஆகையால் வேரையும் அகழ்ந்தெடுத்து, குழியில் மண்ணிட்டுக் கெட்டிக்க வேண்டும். இதனை ஏரி வற்றிய கோடையிற் செய்வதே தக்கது.