போர் அடைத்த எல்லை வழிகள்

காஞ்சி மாநகரைக் கோயில் நகரம் என்றும் பட்டு நகரம் என்றும் வழங்குகிறோம். இவ்விரு பெயர்களும் வழிகளால் வந்தவை. திசைதோறுமிருந்து யாத்திரிகர் வந்து சேர்வதால் கோயில் நகரம் வாழ்கிறது. கன்னட நாட்டிலிருந்து பட்டு நூலும், சூரத்திலிருந்து சரிகையும் வந்து சேர்வதால் பட்டு நகரம் வாழ்கிறது. ஊருக்குள் நெய்யப்படும் சேலையின் ஒவ்வோர் இழையும் ஊருக்கு வெளியேயிருந்து நடந்து வந்ததே. ஆகவே, வழி என்பது காஞ்சிக்கு உயிர்நாடி எனலாம்.

அவ்வழி, போரினால் அடைபட்டால் என்ன ஆகும்? அண்டை நாட்டில் ஆயுதம் எழும்போது எல்லையைக் கடக்க வேண்டிய எளிய மனிதர் என்ன ஆவர்? இவ்வினாவைத் தமிழர் வரலாற்றின் மூன்று காலங்களில் வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். முதல் நிகழ்ச்சி காஞ்சியிலேயே நிகழ்ந்தது. ஏனைய இரண்டும் பர்மிய எல்லையில் நிகழ்ந்தவை.

காஞ்சியில் நின்ற பயணம்

சீனத் துறவி யுவான் சுவாங் கி.பி. 629ஆம் ஆண்டளவில் தம் நாட்டை விட்டுப் புறப்பட்டார். தாங் அரசு அப்பொழுதுதான் வேரூன்றிக் கொண்டிருந்தது. எல்லைக்கு அப்பால் துருக்கியரோடு பகை நிலவியது. எனவே நாட்டு மக்கள் எவரும் மேற்கெல்லையைக் கடத்தல் கூடாது என்று அரசாணை இருந்தது. யுவான் சுவாங் அவ்வாணையை மீறினார். பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் எல்லையை அணுகினார். அதற்கு அப்பால் பாலை நிலத்தில் ஐந்து காவற் கோபுரங்கள் நின்றன. முதற் கோபுரத்தை அணுகியபோது அவர்மீது அம்புகள் பாய்ந்தன. ஆயினும் அக்கோபுரத்துக் காவல் தலைவர் அவர் யார் என்பதை அறிந்ததும் உணவளித்து, மேற்கொண்டு செல்லும் வழியையும் காட்டி அனுப்பினார். அரசாணை வழியை மூடியது. அவ்வழியில் நின்ற ஒரு மனிதர் அதனைத் திறந்தார். இச்செய்தியை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பின்னரும் இது நமக்குத் தேவைப்படும்.

ஏறத்தாழ 640ஆம் ஆண்டில் அவர் காஞ்சியை அடைந்தார். அது முதலாம் நரசிம்மவர்ம பல்லவனின் ஆட்சிக்காலம். காஞ்சியில் நூறு சங்காராமங்களும் பதினாயிரம் துறவியரும் இருந்தனர் என்று அவர் எழுதியுள்ளார். இங்கிருந்து கலமேறி இலங்கைக்குச் செல்வது அவரது எண்ணம். கடலில் மூன்று நாள் பயணமே எஞ்சியிருந்தது. அந்நிலையில் இலங்கையிலிருந்து முந்நூற்றுக்கு மேற்பட்ட துறவியர் காஞ்சிக்கு வந்து சேர்ந்தனர். அரசன் மாண்டான், நாட்டில் பஞ்சமும் குழப்பமும் மலிந்தன என்று அவர்கள் தெரிவித்ததாக யுவான் சுவாங்கின் மாணவர் எழுதிய வரலாறு கூறுகிறது. பாலையையும் பனிமலையையும் கடந்து வந்தவர் மூன்று நாள் கடல்வழியைக் கடக்க இயலாமல் காஞ்சியிலிருந்தே திரும்பினார்.

இதன் விளைவை அவருடைய நூலிலேயே காணலாம். தாம் சென்ற நாடுகளைக் கண்டெழுதிய அவர், இலங்கையைப் பற்றிக் கேட்டெழுத வேண்டியதாயிற்று. 645இல் 657 சுவடிகளுடன் தாயகம் மீண்ட அப்பேரறிஞரின் ஏட்டிலும் போர் ஓர் இடைவெளியை விட்டுச் சென்றது. வழி அடைபடும்போது பொருள் மட்டுமன்று, அறிவும் நின்றுபோகிறது என்பதற்கு இது சான்று.

அதே காலத்தில் இலங்கை அரசுரிமைப் பூசலில் நாடிழந்த மானவர்மன் என்னும் இளவரசனும் நரசிம்மவர்மனிடம் அடைக்கலம் புகுந்தான். ஆக, போருக்கு அஞ்சி வந்தோர்க்குப் புகலளித்த நகரம் என்னும் பெருமையும் காஞ்சிக்கு உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில், வற்கடம் உற்ற காஞ்சியில் அமுதசுரபி கொண்டு பசிப்பிணி தீர்க்கப்பட்டது என்பதும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

1942: நடந்து வந்த இலட்சங்கள்

காஞ்சியிலிருந்து ஒரு தனித் துறவி திரும்பிய நிகழ்ச்சியைக் கண்டோம். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், எல்லை வழி அடைபட்ட துயரம் இலட்சக்கணக்கானோர்க்கு நேர்ந்தது. அவர்களுட் பலர் தமிழர்.

1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பர்மாவில் இந்தியர் தொகை பத்து இலட்சத்தைத் தாண்டியிருந்தது. இரங்கூன் நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியரே. வயலிலும் துறைமுகத்திலும் ஆலையிலும் உழைத்த தொழிலாளர், வட்டித்தொழில் புரிந்த நகரத்தார், அங்கே சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர் எனப் பல்வகைத் தமிழரும் அங்கு வாழ்ந்தனர். 1937 மார்ச் வரை பர்மா, பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. சென்னையில் கப்பலேறினால் இரங்கூனில் இறங்கலாம். ஆதலால் இரு நாடுகளுக்கும் இடையே நல்ல தரைச்சாலை ஒன்றுதானும் இல்லையே என்று எவரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. இருப்புப்பாதையும் இல்லை.

1941 டிசம்பர் 23இல் ஜப்பானிய விமானங்கள் இரங்கூன்மீது குண்டு வீசின. துறைமுகத் தொழிலாளரும் ஏனையோரும் நகரைவிட்டு ஓடினர். கப்பலில் இடம் பெற்றோர் சிலரே. இடம் கிடைக்காதோர் பலர். 1942 மார்ச் 8இல் இரங்கூன் வீழ்ந்தபின் கடல்வழியும் அற்றுப்போயிற்று. எஞ்சியது கால்நடை ஒன்றே.

நடந்தோர் மூன்று வழிகளைப் பற்றினர். புரோம் நகரிலிருந்து தவுங்கப் கணவாய் வழியாக அரக்கான் கரையை அடைந்து, அங்கிருந்து சிட்டகாங் சேர்வது முதல்வழி. மாந்தளையிலிருந்து சிந்துவின் ஆற்றைக் கடந்து, தமு வழியாக மணிப்பூரில் பாலேல், இம்பால் ஆகிய ஊர்களை அடைவது இரண்டாவது வழி. வடக்கே மியிட்சினாவிலிருந்து ஹுகாங் பள்ளத்தாக்கைக் கடந்து, பாங்சாவ் கணவாய் ஏறி அஸ்ஸாமின் லெடோவை அடைவது மூன்றாவது வழி. இம்மூன்றனுள் கடைசி வழியே மிகக் கொடியது. மே மாதத்தில் மழை தொடங்கியதும் அவ்வழி முழங்கால் அளவு சேறாயிற்று. வாந்திபேதியும் மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் வழிநெடுகப் பின்தொடர்ந்தன. மே 10இல் இம்பாலும் குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. நடந்தோர் சில இலட்சத்தினர்; வழியில் மாண்டோர் பல்லாயிரவர். மாண்டவரைத் துல்லியமாக எண்ணி எவரும் குறித்து வைக்கவில்லை. பலருக்குப் புதைகுழியும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

ஒரு வழி, இரு நீதி

துயரம் எல்லார்க்கும் ஒன்றாக இருந்ததா எனின், இல்லை. துறைமுக வேலை நின்றுவிடும் என்று அஞ்சிய அரசு, தொடக்கத்தில் இந்தியத் தொழிலாளரைப் புரோமில் தடுத்துத் திருப்பியனுப்பியது. தாமதமான ஒவ்வொரு நாளும் அவர்களை மழைக்காலத்தை நோக்கித் தள்ளியது. மணிப்பூர் வழியிலோ ஐரோப்பியர்க்கும் ஆங்கிலோ இந்தியர்க்கும் வசதி மிக்க தனிவழியும், இந்தியர்க்குக் கடினமான வேறுவழியும் ஒதுக்கப்பட்டதாகப் பெருங்குற்றச்சாட்டு எழுந்தது. மக்கள் அவற்றை வெள்ளைப் பாதை, கறுப்புப் பாதை என்றே அழைத்தனர். 1942ஆம் ஆண்டு அலகாபாத்தில் கூடிய அகில இந்தியக் காங்கிரஸ் குழு இவ்வேற்றுமையைக் கண்டித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் எழுந்த சினத்திற்கு இவ்வழியில் நடந்து மீண்டோர் கொணர்ந்த செய்திகளும் ஒரு காரணம் என்பர் வரலாற்றாசிரியர்.

மறுபுறம், யுவான் சுவாங்கிற்கு வழிகாட்டிய காவல் தலைவரைப் போன்ற மனிதர்கள் இங்கும் இருந்தனர். மலைவாழ் மக்கள் பலர் சுமை தூக்கினர், நோயுற்றோரைச் சுமந்தனர், வழி காட்டினர். அஸ்ஸாம் தேயிலைத் தோட்டத்தினர் வழிநெடுகிலும் முகாம்கள் அமைத்துச் சோறும் தேநீரும் வழங்கினர். அம்முகாம்களுக்கு அரிசி சுமந்தோர் தோட்டக் கூலியாட்களே. அவர்களுடைய பெயர்களும் எந்த ஏட்டிலும் இல்லை.

இப்பயணத்தைத் தமிழில் எழுதி வைத்தவர் வெ. சாமிநாத சர்மா. காஞ்சியை அடுத்த பழைய வட ஆர்க்காடு மாவட்டத்து வெங்களத்தூரில் 1895இல் பிறந்த இவர், இரங்கூனிலிருந்து ‘ஜோதி’ என்னும் திங்களிதழை நடத்தியவர். பிளேட்டோவின் அரசியல் நூலைத் தமிழுக்குத் தந்தவர். 1942இல் தம் துணைவியாருடன் நடந்து இந்தியா மீண்ட அவர், அவ்வனுபவத்தைப் பர்மா வழிநடைப் பயணமாக எழுதினார். நடந்தோர் இலட்சக்கணக்கானோர், எழுதியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. யுவான் சுவாங்கின் ஏட்டில் நேர்ந்த இடைவெளியைவிட நம் இலக்கியத்தில் உள்ள இவ்விடைவெளி பெரிது.

மோரே: எல்லையில் நின்றுவிட்ட தமிழூர்

1942இல் நம்மவர் நடந்து கடந்த தமுவுக்கு எதிரே, இந்தியப் பகுதியில் மோரே என்னும் சிற்றூர் உள்ளது. இம்பாலிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவு. அங்கே தமிழ்ச் சங்கம் உண்டு. அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு. தமிழ் இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவரும் அங்கே கூடி வாழ்ந்து வந்துள்ளனர். மணிப்பூர் மலையடியில் தமிழூர் தோன்றியது எவ்வாறு?

போர் முடிந்தபின் பலர் மீண்டும் பர்மா சென்று குடியேறினர். 1962 மார்ச்சில் படைத்தலைவர் நீவின் ஆட்சியைப் பறித்தார். தொடர்ந்து வணிகமும் கடைகளும் நாட்டுடைமையாயின. 1964இல் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாவென்று அறிவிக்கப்பட்டன. இலட்சத்திற்கு மேற்பட்ட இந்தியர் வெறுங்கையராய்க் கப்பலேறினர். சென்னைக் கடற்கரைச் சாலையின் பர்மா பஜார் அவர்களுடைய மறுவாழ்வின் அடையாளம். தாயகத்தில் வேரூன்ற இயலாத சிலர், பிறந்து வளர்ந்த பர்மாவுக்கே தரைவழியாகத் திரும்ப முயன்றனர். தமுவில் அவர்கள் தடுக்கப்பட்டனர். முன்னேயும் செல்ல இயலவில்லை. பின்னேயும் செல்ல மனமில்லை. நின்ற இடத்திலேயே குடியிருப்பு அமைத்தனர். அதுவே மோரேத் தமிழூர்.

வழியின் முடிவே வாழ்வாகிவிட்ட அவ்வூரார், எல்லை வணிகத்தால் தலைநிமிர்ந்தனர். பர்மிய மொழியும் தமிழும் ஒருங்கே அறிந்திருந்தமை அவர்களுக்கு மூலதனமாயிற்று. 1994இல் கையெழுத்தான இந்திய–மியன்மார் எல்லை வணிக உடன்பாடு 1995 ஏப்ரலில் மோரேயில் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் தொண்ணூறுகளில் மணிப்பூர் மலைப்பகுதியில் மூண்ட இனமோதல்களால் தமிழர் பலர் ஊரைவிட்டு அகன்றனர். ஒருகாலத்தில் பல்லாயிரவராக இருந்தோர் சில ஆயிரவராகக் குறைந்தனர்.

அதன்பின் நேர்ந்தவை நம் கண்முன் நேர்ந்தவை. பெருந்தொற்றினால் 2020 மார்ச்சில் எல்லை வாயில் மூடப்பட்டது. 2021 பிப்ரவரி 1இல் மியன்மாரில் படையினர் ஆட்சியைக் கைப்பற்ற, அந்நாடு உள்நாட்டுப் போரில் வீழ்ந்தது. 2022 ஜூலையில் எல்லை தாண்டிச் சென்ற மோரேத் தமிழ் இளைஞர் இருவர் தமுவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். 2023 மே 3இல் மணிப்பூரில் மூண்ட கலவரத்தில் மோரே எரிந்தது. எப்பூசலிலும் சேராத தமிழர் வீடுகள் சிலவும் தீக்கிரையாயின. எல்லைக்கு இருபுறமும் 16 கிலோமீட்டர் வரை வாழ்வோர் தடையின்றிச் சென்றுவர வழிசெய்திருந்த ஏற்பாட்டை நிறுத்துவதாக 2024 பிப்ரவரியில் இந்திய அரசு அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியில் அது 10 கிலோமீட்டராகச் சுருக்கப்பட்டு, அனுமதிச் சீட்டு முறையும் வகுக்கப்பட்டது. இந்தியா, மியன்மார், தாய்லாந்து மூன்றையும் இணைப்பதற்காகத் திட்டமிடப்பட்ட 1,360 கிலோமீட்டர் நெடுஞ்சாலை மோரேயிலிருந்தே தொடங்குகிறது. போரோ அச்சாலைப் பணியையும் மறித்து நிற்கிறது.

எல்லையைக் காப்பது அரசின் கடமை. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயின், வாயிலை மூடும் ஆணையில் கையொப்பமிடுவோர் ஒருவராகவும், அதன் சுமையைத் தாங்குவோர் வேறொருவராகவும் இருக்கின்றனர் என்பதை மறத்தல் தகாது. கையில் செல்வமும் செல்வாக்கும் உள்ளவருக்குக் கப்பல் உண்டு. எளியவர்க்குக் கால்களே உண்டு.

நம் கடமை

வழிப்போக்கருக்கு உதவுதல் எல்லா அறநூல்களும் வற்புறுத்தும் கடமை. வள்ளுவர் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தார். திருக்குர்ஆன் ஸகாத் பெறத் தகுதியுடைய எண்வகையினருள் வழிப்போக்கரையும் ஒருவராக வைத்துள்ளது. சொந்த ஊரில் செல்வராயினும் வழியில் பொருளற்று நின்றால் அவர் உதவிக்கு உரியவர் என்பது மார்க்க அறிஞர் தரும் விளக்கம். 1942இல் நடந்தோர்க்கு இவ்விளக்கம் எத்துணைப் பொருத்தமானது!

இனி, நாம் செய்யத்தக்கது யாது? போரை நிறுத்தும் ஆற்றல் ஒரு கல்லூரித் தமிழ்த்துறைக்கு இல்லை. ஆனால் ஏட்டின் இடைவெளியை நிரப்பும் ஆற்றல் உண்டு. 1942இல் பத்து வயதுச் சிறுவராய் நடந்தவருக்கு இன்று தொண்ணூறைக் கடந்த வயது. 1964இல் பத்து வயதில் கப்பலேறியவரும் எழுபதைக் கடந்துவிட்டார். பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருக்களிலும், ஒலிமுகமதுபேட்டையிலும், உங்கள் பாட்டனார் பாட்டியாரின் ஊர்களிலும் அத்தகையோர் இருக்கக்கூடும். அவர்களிடம் மாணவச் செல்வங்கள் அமர்ந்து கேட்க வேண்டும்: எவ்வழியாக வந்தீர்கள்? எத்தனை நாள் நடந்தீர்கள்? யார் தண்ணீர் தந்தார்கள்? யாரை வழியில் விட்டு வந்தீர்கள்? விடைகளை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதி, நாளும் இடமும் குறித்துத் துறை நூலகத்தில் வைக்க வேண்டும். ஊர்ப் பெரியோர் அத்தகைய குடும்பங்களை அடையாளம் காட்டி உதவ வேண்டும். இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டா. காலம் ஒன்றே வேண்டும், அதுவும் விரைவாக வேண்டும்.

காஞ்சித் தறியில் ஓரிழை அறுந்தால் நெசவாளர் அதைக் கண்டும் காணாமல் மேலே நெய்வதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த முனைகளைத் தேடியெடுத்து முடிந்த பின்னரே அடுத்த ஊடையை ஓட்டுவார். போர் அறுத்த வழிகளின் கதைகளையும் நாம் அவ்வாறே தேடியெடுத்து முடிய வேண்டும். முனைகள் கைக்கு எட்டும் காலம் இன்னும் சில ஆண்டுகளே.